முதல் மூன்று மாதம்: இம்ப்ளான்ட் பல் சிலருக்கு ஏன் பிடிப்பதில்லை?

(தல்லாகுளத்தில் உள்ள நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில், நம்முடன் வசிக்கும் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம். – ஆசிரியர் குழு)



லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு முடிந்ததும் எனக்கு நாற்பது நிமிடம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். லிஃப்ட் விஷயம் வழக்கம்போல நீண்டுவிட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் சின்ன மாத்திரை டப்பா. அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு டைட்டானியம் திருகு. ஏழு வாரத்துக்கு முன் தாடையில் வைத்த இம்ப்ளான்ட், அன்று காலை வாய் கொப்பளிக்கும்போது கையோடு வந்துவிட்டதாம். "டாக்டர், என் உடம்பு இதை ஏத்துக்கலைன்னு சொல்றாங்க. அப்படின்னா எனக்கு இனிமே பல்லே வைக்க முடியாதா?" என்று கேட்டார். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் போய்விட்டதே என்ற வருத்தத்தைவிட, தன் உடம்பில் ஏதோ கோளாறு என்ற பயம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவரும் இங்கே வந்திருக்கிறார். யார் என்று தேட வேண்டாம்.

அவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லையா?

முதலில் இந்த வார்த்தையை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் மாற்றி வைக்கும்போது அது இன்னொருவருடைய உறுப்பு. நம் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்து எதிர்க்கிறது. இம்ப்ளான்ட் அப்படி இல்லை. அது உயிரில்லாத உலோகம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம்தான் டைட்டானியத்தின் மூலப்பொருள். அந்த உலோகத்தோடு நம் எலும்புக்குப் பகை கிடையாது. டைட்டானியம் ஒவ்வாமை என்பது மிக மிக அரிது. ஆகவே "உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை" என்று யாராவது சொன்னால், "எதனால் ஏற்கவில்லை?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். சில நேரம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும்.

இந்தக் கூடத்தில் கண்புரை அறுவை செய்து லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? பாதிக் கைகள் தூக்கிவிட்டன. மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் இங்கே தொடங்கியது. லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் 1992-ல் இங்கேயே வந்தது. அதனால் நமக்கெல்லாம் ஒரு பழக்கம்: இன்றைக்கு வைத்தார்கள், நாளைக்குக் கட்டு அவிழ்த்தார்கள், பார்வை வந்துவிட்டது. பல்லுக்கும் அதே எதிர்பார்ப்போடு போகிறோம். அங்கேதான் தப்பு. லென்ஸ் தன் இடத்தில் உட்கார்ந்தால் போதும், வேலை செய்யும். இம்ப்ளான்ட் உட்கார்ந்தால் மட்டும் போதாது. சுற்றியுள்ள எலும்பு வளர்ந்து வந்து அதைக் கட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு நாளாகும். அந்த நாட்களுக்குள் நடக்கும் தோல்வியைத்தான் ஆரம்பத் தோல்வி என்கிறோம். மேலே கேப் போடுவதற்கு முன்பே, எலும்பு பிடிக்காமலே போய்விடுவது. பல வருடம் நன்றாக இருந்து பிறகு ஆடிப்போவது வேறு கதை. இன்று அதைப் பேசவில்லை.

இது அடிக்கடி நடப்பதா? இல்லை. பெரும்பாலான ஆய்வுகளில் நூறு இம்ப்ளான்ட் வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வரை இப்படிப் போகின்றன. நல்ல கணக்குதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு வருவதில்லை. சிலருக்கு வாய்ப்பு மிகக் குறைவு, சிலருக்கு அதிகம். யாருக்கு அதிகம் என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

எலும்பு எப்படிப் பிடிக்கிறது?

இந்த விஷயம் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். 1952-ல் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனேமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் கால் எலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் முதன்முதலாக இந்த முறையில் இம்ப்ளான்ட் வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர் அவர். 2006-ல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அந்தப் பற்கள் அவரிடம் இருந்தன. சரியாகப் பிடித்துவிட்டால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அவரே சாட்சி.

பிடிப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. வைத்த அன்று, மரத்தில் திருகு இறுகுவதுபோல, இறுக்கத்தால் நிற்கிறது. பிறகு உடம்பு வேலையைத் தொடங்குகிறது. துளையின் ஓரத்தில் அடிபட்ட பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது எலும்பை வளர்க்கிறது. பழையது கரைந்து புதியது முற்றாத இடைவெளி ஒன்று உண்டு. ஏறக்குறைய மூன்றாவது, நான்காவது வாரம். அப்போது இம்ப்ளான்ட் வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். ஆனால் நமக்கு அப்போதுதான் வீக்கம் வடிந்து, வலி போய், "சரியாகிவிட்டது" என்று தோன்றும். அந்தப் பக்கமே மென்று பார்ப்போம். இந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வலி போய்விட்டது என்றால் எலும்பு பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

நீங்கள் எல்லோரும் வீடு கட்டுவதைப் பார்த்தவர்கள். கான்கிரீட் போட்ட மறுநாளே மேலே நடக்கலாம்போல இறுகித்தான் தெரியும். அதற்காக சென்ட்ரிங் பலகையை யாராவது கழற்றுவார்களா? தண்ணீர் கட்டி, நாள் எண்ணித்தானே கழற்றுகிறோம்? இங்கேயும் அதே நியாயம்தான்.

எலும்பு பிடிக்கும் காலத்தில் இம்ப்ளான்ட் கொஞ்சம் அசைந்தாலும் கெடுதல். எவ்வளவு அசைவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு. ஒரு தலைமுடியின் கனம், அதற்குச் சற்று மேல். அதைத் தாண்டி அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த் திசு வளர்ந்து சுற்றிக்கொள்ளும். மல்லிகைப் பதியனை வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்த கதைதான். நார் சுற்றிய இம்ப்ளான்ட் பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் எலும்போடு சேராது.

நம் உடம்பில் இருக்கும் காரணங்கள்

முதலாவது சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதம். இந்தக் கூடத்தில் அதைவிட அதிகம் என்பது காபி வரும்போது தெரியும். சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பது பழைய பேச்சு. கட்டுக்குள் இருந்தால் மற்றவர்களைப் போலவே நன்றாகப் பிடிக்கிறது. கட்டுக்குள் இல்லையென்றால் புது எலும்பு வளர்வதும் தாமதம், புண் ஆறுவதும் தாமதம், கிருமி பிடிப்பதும் சுலபம். இதற்கு அன்று காலை வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு போதாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. வேண்டும். 7-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 8-ஐத் தாண்டினால் பெரும்பாலான மருத்துவர்கள் தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போடுபவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

இரண்டாவது புகையிலை. பீடியோ சிகரெட்டோ, புகைப்பவருக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு புகைக்காதவரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஈறின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கும் ஈறு கெடுகிறது. இம்ப்ளான்ட் பக்கத்திலேயே புகையிலையை அடக்கி வைத்தால் புண் எப்படி ஆறும்? முழுக்க விடுவதுதான் நல்லது. முடியாதவர்கள் குறைந்தது ஒரு வாரம் முன்பும், வைத்த பின் எட்டு வாரமும் தொடாமல் இருக்க வேண்டும். அந்த எட்டு வாரத்தை ஓட்டியவர்களில் சிலர் பிறகு தொடவே இல்லை. அது எனக்குக் கிடைத்த பெரிய ஃபீஸ்.

மூன்றாவது ஈறு நோய். நிறையப் பேருக்குப் பல் விழுந்ததே சொத்தையால் அல்ல, ஈறு கெட்டு ஆடிப்போய்த்தான். அந்தக் கிருமிகள் மற்ற பற்களின் ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. வீட்டில் கரையான் இருக்கும்போது புதுக் கதவு போட்டால் என்ன ஆகும்? முதலில் ஈறு சிகிச்சை, பிறகு இம்ப்ளான்ட். வரிசை மாறக்கூடாது.

நான்காவது, நாம் சொல்ல மறக்கும் மருந்துகள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுவீர்கள், அலென்ட்ரோனேட் போன்றவை. சிலருக்கு வருடம் ஒரு முறை சொலட்ரானிக் அமிலம் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி. பல் மருத்துவர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் பி.பி., சுகர் என்று இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசி நினைவுக்கே வராது. ஆனால் இவை தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையையே மந்தமாக்கும் மருந்துகள். அரிதாகத் தாடை எலும்பே செத்துப்போகும் ஆபத்தும் உண்டு. புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். இதைக் கேட்டுவிட்டு நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். டெனோசுமாப்பை நடுவில் நிறுத்தினால் முதுகெலும்பு உடையும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. சொல்வது உங்கள் பொறுப்பு, முடிவெடுப்பது மருத்துவர்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

வயிற்றுப் புண்ணுக்காக வருடக்கணக்கில் சாப்பிடும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளுக்கும், மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளுக்கும் இம்ப்ளான்ட் தோல்வியோடு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு என்றுதான் சொல்கிறேன், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் மருந்துச் சீட்டு முழுவதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஐந்தாவது, வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள். அந்த எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கக்கூடப் போகக்கூடாது.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? வயது. எழுபது, எண்பது என்பதே ஒரு காரணம் அல்ல. மாறாக, வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குத்தான் வைக்கக்கூடாது.

இடமும் எலும்பும்

தாடை முழுவதும் ஒரே மண் இல்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் பாறை மாதிரி கெட்டி. மேல்தாடையின் பின்பக்கம் வைகை மணல் மாதிரி பொலபொலவென்று இருக்கும். மேலே சைனஸ் என்ற காற்றறை வேறு இருப்பதால் உயரமும் குறைவு. அதனால் மேல் கடைவாயில் ஆரம்பத் தோல்வி கொஞ்சம் கூடுதல். அங்கே நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னால், அது இழுத்தடிப்பது இல்லை. கீழ்த்தாடைக்குப் பொதுவாக மூன்று மாதம் போதும். இப்போது வரும் சொரசொரப்பான பரப்புள்ள இம்ப்ளான்ட்களில் நல்ல எலும்பு இருந்தால் இன்னும் குறைவான நாளிலும் கேப் போடுகிறார்கள். எலும்பின் உயரமும் அகலமும் தெரிய சாதாரண எக்ஸ்-ரே மட்டும் பல நேரம் போதாது. சிபிசிடி ஸ்கேன் கேட்பார்கள். அது வீண் செலவு இல்லை.

மருத்துவர் பக்கம் நடக்கும் தவறுகள்

நோயாளிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் என் கையாலேயே தோற்ற இம்ப்ளான்ட்கள் உண்டு. ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. கீழ்த்தாடை முன்பக்கம், எலும்பு மிகக் கெட்டி. நான் வேகமாகத் துளைத்தேன். டிரில்லும் பழசு. எல்லாம் அழகாக இறுகியது. நோயாளி கைகொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாவது வாரம் ஆடியது. எலும்பைச் சுட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

எலும்பு வெப்பம் தாங்காது. 1983-ல் சுவீடனில் முயல்களிடம் செய்த ஆய்வில், 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படுவதாகக் கண்டார்கள். நாம் கையால் பிடிக்கக்கூடிய டம்ளர் காபியின் சூடுதான் அது. அதனால்தான் துளைக்கும்போது குளிர்ந்த, கிருமி நீக்கிய உப்பு நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிரில்லும் மழுங்கி இருக்கக்கூடாது. அவசரமும் கூடாது.

அந்த உப்பு நீர் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2022-23-ல் வாணியம்பாடியில் நடந்தது உங்களில் பலர் செய்தியில் படித்திருப்பீர்கள். ஒரு பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசு சுகாதாரத் துறையினரும் தேடிப் பார்த்ததில், திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டில் மேல் சந்தேகம் விழுந்தது. 2025-ல் இந்த விவரம் மருத்துவ இதழில் வெளியானது. அவர்கள் இம்ப்ளான்ட் நோயாளிகள் என்று சொல்ல வரவில்லை. பயமுறுத்தவும் சொல்லவில்லை. ஒரு சலைன் பாட்டிலின் விலை எவ்வளவு? அதை ஒரு நோயாளிக்கு ஒன்று என்று புதிதாகத் திறக்காததன் விலை எவ்வளவு? இம்ப்ளான்ட் வைக்கும்போது அந்தத் தண்ணீர் நேராக எலும்புக்குள் போகிறது. "புது பாட்டில்தானே, டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

இன்னும் சில தவறுகள் உண்டு. துளை அளவுக்கு மீறி அகலமாகிவிட்டால் இறுக்கம் இருக்காது. கெட்டி எலும்பில் அளவுக்கு மீறி இறுக்கினால் எலும்பு நசுங்கிச் சாகும். சீழ் இருந்த பல்லைப் பிடுங்கிய குழியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அன்றே வைத்தால் கிருமி உள்ளேயே தங்கும். அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு முறை மட்டும் கொடுக்கும் அமாக்ஸிசிலின் ஆரம்பத் தோல்வியைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் மருந்துக்கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

"ஒரே நாளில் நிலையான பல்" என்ற விளம்பரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அது பொய் இல்லை. எலும்பு நன்றாக இருந்து, இம்ப்ளான்ட் போதுமான இறுக்கத்தோடு நின்று, பல இம்ப்ளான்ட்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினால் முடியும். ஆனால் எல்லோருக்கும் முடியாது. மகன் அமெரிக்காவிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருக்கிறான், அவன் போவதற்குள் பல் முடிந்துவிட வேண்டும் என்று சொல்லி மருத்துவரை அவசரப்படுத்துவதும் நாம்தான். எலும்புக்கு விசா தேதி தெரியாது.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது?

டப்பாவோடு வந்த அம்மாவிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். புகை கிடையாது. மருந்து அதிகம் கிடையாது. சர்க்கரை உண்டு. பேத்தி கல்யாண அலைச்சலில் இரண்டு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எச்.பி.ஏ.1.சி. எடுக்கச் சொன்னேன். 9.1 வந்தது. வைப்பதற்கு முன் யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் அவர் கைப்பையிலேயே இருந்தது. கழற்றி மாட்டும் பழைய பல் செட். கல்யாண வீட்டில் பல் இல்லாமல் சிரிக்க முடியாது என்று இம்ப்ளான்ட் வைத்த இடத்தின் மேலேயே அதை மாட்டிக்கொண்டு முறுக்கும் சீடையும் சாப்பிட்டிருக்கிறார். இரவிலும் கழற்றவில்லை. ஒவ்வொரு கடியிலும் அந்த செட் ஈறு வழியாக இம்ப்ளான்ட்டை அமுக்கி அமுக்கி அசைத்திருக்கிறது. அந்த இடத்தில் செட்டின் அடியைக் குடைந்து, ஈறில் படாதபடி செய்து கொடுத்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

ஆக, உடம்பு மறுக்கவில்லை. சர்க்கரை எலும்பை வளரவிடவில்லை, செட் அதை நிற்கவிடவில்லை. காரணம் தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. காரணம் தெரிந்த தோல்வியைத் திருத்தலாம்.

போகும் முன் கேட்க வேண்டியவை

செய்தி மடலில் இதைத் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எனக்கு இம்ப்ளான்ட் தேவையா? பிரிட்ஜோ கழற்றி மாட்டும் செட்டோ போதுமா?
2. என் எச்.பி.ஏ.1.சி., ஈறு நிலை, எல்லா மருந்துகளும், வருடாந்திர ஊசி உட்பட, பார்த்தீர்களா?
3. எலும்பின் உயரம், அகலம், தன்மை எப்படி? ஸ்கேனைக் காட்டி விளக்குங்கள்.
4. வைப்பவர் யார்? வெளியிலிருந்து வரும் மருத்துவர் என்றால் மூன்றாவது வாரம் வலித்தால் நான் யாரைப் பார்ப்பது?
5. எத்தனை மாதம் கழித்து கேப்? அதுவரை எந்தப் பல்லால் மெல்வது?
6. எடுத்துவிட நேர்ந்தால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது? எழுத்தில் கொடுங்கள்.
7. இம்ப்ளான்ட் பெட்டியில் இருக்கும் நிறுவனப் பெயர், அளவு, லாட் எண் ஸ்டிக்கர் ஒன்றை எனக்குத் தாருங்கள்.

மருத்துவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்த பிறகு அறிகுறிகள்: முதல் மூன்று நான்கு நாள் வலியும் வீக்கமும் இயல்பு. குறைந்துகொண்டே வர வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு கூடினால், சீழ் வந்தால், உதடு மரத்தே இருந்தால், நாக்கால் தொடும்போது ஆடுவதுபோலத் தெரிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். ஆடுகிற இம்ப்ளான்ட்டை "இறுகிவிடும்" என்று காத்திருக்கவிட்டால் சுற்றியுள்ள எலும்பும் சேர்ந்து போகும். சீக்கிரம் எடுத்துவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் இடம் ஆறி, மறுபடி வைக்க முடியும். இரண்டாவது முறை வெற்றி வாய்ப்பு முதல் முறையைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது.

கேள்வி நேரம்

*முதல் நாள் என்ன சாப்பிடலாம்? ஜிகர்தண்டா குடிக்கலாமா?*

குளிர்ச்சியான, மெல்ல வேண்டாத எதுவும் நல்லது. மோர், கூழ், ஆறிய ரசம் சாதம். ஜிகர்தண்டா என்றால் கரண்டியால் சாப்பிடுங்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் ரத்தக்கட்டு கிளம்பிவிடும். சர்க்கரைக்காரர்கள் இந்தப் பதிலைக் கேட்காததுபோல இருந்துவிடுங்கள்.

*கிராம்புத் தைலம், உப்பு, பல்பொடி தேய்க்கலாமா?*

புண் ஆறும் வரை எதையும் தேய்க்காதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகத் துப்பலாம். மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்க வேண்டும். பயத்தில் துலக்காமல் விட்டால் கிருமி சேரும்.

*இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. வைக்கலாமா?*

வைக்கலாம். முன்பே சொல்லிவிட வேண்டும். அவசரக் கேப் உங்களுக்கு வேண்டாம். பிறகு இரவில் போட ஒரு கார்டு செய்து தருவார்கள்.

*நீங்கள் சொன்ன அம்மா மறுபடி வைத்துக்கொண்டாரா?*

இதற்குப் பதில் அவரே சொல்லலாம் என்றார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நான் பிரிட்ஜ் போட்டுக்கப் போறேன் டாக்டர். பக்கத்துப் பல் ரெண்டுலயும் ஏற்கெனவே கேப் இருக்கே, அதுலயே கட்டிக்கலாம்னு சொன்னாங்க. சுகரை மட்டும் விடாம பார்த்துக்கறேன்." இதுவும் சரியான முடிவுதான். பல் வைப்பது சாப்பிடுவதற்காக. எந்த வழியில் வைத்தாலும் அவர் அடுத்த சித்திரைத் திருவிழா எதிர்சேவைக்குள் நன்றாக மென்று சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்ட் இப்போது ஓடுகிறதாம்.